மிக்சருக்கு முன்னால் நில்லுங்கள்: ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு மைக் செட்காரன் சொல்வது

கிருஷ்ணகிரியில் எங்களுக்கு மைக் செட் தொழில். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டும், என் காலத்தில் பாக்ஸும் லேப்டாப்பும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு மெட்டாலிகா என்கிற அமெரிக்க ராக் பேண்ட் மேல் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது தனிக்கதை. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒருவன் வைத்திருந்த கறுப்பு அட்டை கேசட்தான் காரணம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்த பேண்டை 2011 அக்டோபர் 30 அன்று, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நேரில் பார்த்தேன். இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரி அது. இன்றைக்கும் யாராவது ஒரு பையன் கடைக்கு வந்து, "அண்ணா, பெங்களூருல ஷோ, டிக்கெட் போட்டுட்டேன், என்ன பண்ணணும்?" என்று கேட்கிறான். அவனிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே நிற்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லோரும் மேடைக்கு முன்னால், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் ஆசைப்படுவார்கள். முகத்தைப் பார்க்க அது சரியான இடம், பாட்டைக் கேட்க அல்ல. பெரிய மேடையில் மெயின் பாக்ஸ்களை இரண்டு பக்கமும் உயரத்தில் வாழைத்தார் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். அந்தச் சத்தம் முதல் வரிசைக்காரனின் தலைக்கு மேலே போய்விடும். அவனுக்கென்று மேடை விளிம்பில் சின்னச் சின்ன பாக்ஸ் வைப்பார்கள் என்றாலும், அவன் காதில் அதிகம் விழுவது மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையர் சத்தமும்தான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

சரி, எங்கேதான் நிற்பது? மைதானத்தின் நடுவில், மேடையைப் பார்த்தபடி ஒரு கொட்டகை போட்டிருப்பார்கள். அதற்குள், எல்லா மைக்கிலிருந்தும் வரும் சத்தத்தைக் கலந்து ஏற்றி இறக்குகிற மிக்சரும், லைட் போர்டும் இருக்கும். மிக்சரில் இருப்பவர் அவர் காதில் விழுவதை வைத்துத்தான் குரலை ஏற்றுவார், கிட்டாரை இறக்குவார். அவர் நிற்கிற இடத்துக்காகத்தான் மொத்த சத்தமும் சமைக்கப்படுகிறது. மெட்டாலிகாவுக்கு 1984லிருந்து பல வருடம் மிக்சரில் இருந்தவர் மிக் ஹியூஸ் என்கிற ஆங்கிலேயர். எனக்குக் கிட்டார்காரர்களை விட அவர்மேல்தான் மரியாதை. பண்டிகையில் நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன், என்ன, அவருக்கு முன்னால் ஐம்பதாயிரம் பேர் என்றால் எனக்கு முன்னால் ஐந்நூறு பேர்.

அந்தக் கொட்டகைக்கு நாலைந்து அடி முன்னால் நில்லுங்கள். பின்னால் நின்றால் கொட்டகையே மறைக்கும். இன்னொரு நுணுக்கம்: அடித்தொனிக்கான பேஸ் பாக்ஸ்களை மேடையின் இடமும் வலமும் வைத்திருந்தால், இரண்டு பக்க அதிர்வும் ஒன்றுசேர்கிற பட்டை மைதானத்தின் நட்ட நடுவில் ஓடும். அதற்குள் நின்றால் டிரம்மின் ஒவ்வொரு மிதியும் நெஞ்செலும்பில் இடிக்கும். பத்தடி தள்ளி நின்றால் பாதிதான் இருக்கும், இன்னும் தள்ளினால் திரும்பவும் ஏறும். இதை நம்பாதவர்கள் முதல் பேண்ட் வாசிக்கும்போது குறுக்காக நடந்து பார்க்கலாம்.

முக்கிய பேண்டுக்கு முன்னால் வாசிக்கிற பேண்டுகளை மதிக்காமல் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பது பெரிய தவறு. அன்று பெங்களூரின் இன்னர் சேங்டம், ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோ எல்லாம் முன்னால் வாசித்தார்கள். அந்த நேரத்தில்தான் நான் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, காதை வைத்து இடம் பிடித்தேன். அவர்களுக்குச் சத்தம் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பார்கள். "செட் சரியில்லை" என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது டிக்கெட். வரைபடம் போடுவார்கள் இல்லையா, அதில் மைதானத்தின் நடுவில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதுதான் மிக்சர். அந்தக் கட்டம் எந்தப் பிரிவுக்குள் வருகிறதோ, அல்லது எதற்கு ஒட்டிப் பின்னால் இருக்கிறதோ, அந்தப் பிரிவை வாங்குங்கள். பெரும்பாலும் அது மிக விலை உயர்ந்த பிரிவாக இருக்காது. ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்ப்பதென்றால், மேடைக்குப் பக்கவாட்டில் கிட்டே இருக்கும் இருக்கையைவிட நேரெதிரில் தூரமாக இருக்கும் இருக்கை மேல்.

கிடைப்பதுதான் கஷ்டம். 2024 செப்டம்பரில் கோல்ட்ப்ளே பேண்டின் மும்பை டிக்கெட்டுக்கு ஆன்லைன் வரிசையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். என் பெண்ணும் அதில் ஒருத்தி. எந்தப் பிரிவு, அதிகபட்சம் எவ்வளவு என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். விற்பனை தொடங்குவதற்கு முன்பே உள்ளே நுழைந்து, பணம் கட்டும் விவரங்களையும் சேமித்து வையுங்கள். வரிசையில் நின்ற பிறகு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் இருக்கிற இடமும் போகும். கிடைக்கவில்லை என்றால் வெளியாளிடம் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள். டிக்கெட்டின் ஒரே பார்கோடு படத்தை ஐந்து பேருக்கு விற்பார்கள், வாசலில் முதலில் ஸ்கேன் ஆனவன் உள்ளே, மற்ற நாலு பேர் ரோட்டில். எங்களுக்கும் கிடைக்கவில்லை. பெண் ரெண்டு நாள் சாப்பிடும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை.

டிக்கெட் கையில் இருப்பதால் கச்சேரி நடந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2011இல் மெட்டாலிகா முதலில் அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் வாசிப்பதாக இருந்தது. கூட்டம் உள்ளே வந்த பிறகு பாதுகாப்பு சரியில்லை என்று நின்றுபோனது. ஆத்திரத்தில் மேடையேறிச் சாமான்களை உடைத்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் ஒரு வளைகாப்புக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கையில் டேப், வாயில் ஸ்க்ரூ. ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்றே நினைத்தேன். அதனால் சொல்கிறேன்: போக வர ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். பணம் திரும்பி வரும் வரைக்கும் டிக்கெட்டையும் வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

எனக்குப் பஸ்தான். தீபாவளி முடிந்து நாலாவது நாள், ஐப்பசி மழை. மனைவியின் தம்பி பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான், அவனும் கூட வந்தான். பெங்களூரில் மெட்ரோ ஓட ஆரம்பித்துப் பத்தே நாள்தான் ஆகியிருந்தது. அவன் ஆசைக்கு எம்.ஜி. ரோட்டில் ஏறி ஒரு நடை போய்வந்து, அப்புறம்தான் ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனோம். அந்த மெட்ரோ மைதானத்துப் பக்கமே போகாது. வெட்டிச் செலவு, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் சரி போகட்டும் என்று தோன்றியது.

என்ன போட்டுக்கொண்டு போவது? கயிறு கட்டுகிற ஷூ. இதில் பேச்சே வேண்டாம். மைத்துனன் ரப்பர் செருப்போடு வந்தான். "மாமா, ஷூ நனைஞ்சா காயாது" என்று எனக்கே பாடம் நடத்தினான். மைதானம் நாற்று விடுவதற்கு உழுத வயல் மாதிரி இருந்தது. கால் வைத்தால் சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. முதல் அரை மணி நேரத்திலேயே அவன் ஒரு செருப்பு பூமிக்குள் போயிற்று. மிச்ச ஷோவை ஒற்றைச் செருப்போடு பார்த்தான். குடையை உள்ளே விட மாட்டார்கள், மெல்லிசான பிளாஸ்டிக் மழைக்கோட்டு போதும். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எல்லாம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், போன், காதடைப்பான், இவ்வளவுதான் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

மத்தியானமே வயிறார சாப்பிட்டுவிட வேண்டும். நான் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் கறுப்புச் சட்டை, கையெல்லாம் பச்சை குத்திய நாலு பையன்கள், ஷில்லாங்கிலிருந்து வந்தவர்கள், ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உள்ளே விற்பதை நம்பி வெறும் வயிற்றோடு போனால், நாலு மணி நேரம் நின்ற பிறகு பாட்டு காதில் ஏறாது, கண் இருட்டும்.

காதடைப்பான் என்றதும் சிரிக்கிறவர்கள் உண்டு. சத்தம் கேட்கத்தானே போகிறோம், அடைப்பதற்கா என்று. கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி நேரம், 91க்கு இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். ராக் கச்சேரி 100ஐத் தொட்டுக்கொண்டும் தாண்டிக்கொண்டும்தான் நடக்கும், அதுவும் இரண்டு மணி நேரம். மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சே தனக்குக் காதில் ஓயாத இரைச்சல் இருப்பதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் அப்பாவுக்கு இடது காது கேட்காது. நாற்பது வருடம் குழாய் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பானே போதும். ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். விரல் நுனியில் வைத்து விளக்குத் திரி திரிப்பது மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, கொஞ்சம் பின்னால் இழுத்தால் காதுத் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரிகிற வரைக்கும் முப்பது எண்ணும் வரை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். ஸ்பாஞ்சில் ஒரு குறை: மேல் சத்தங்களை அதிகமாக விழுங்கிவிடும், டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் சத்தம் மந்தமாகும். இசைக்காரர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த ரகம் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும். ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். பஞ்சைச் சுருட்டி வைப்பது வேண்டாம், அது அழுக்கைத்தான் தடுக்கும்.

கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில் 'தி ஹூ' பேண்டின் கச்சேரி. இருக்கை எண் கிடையாது, முந்துபவனுக்கு முன்னிடம். கதவுகளில் சிலவற்றை மட்டும் திறந்தார்கள், உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து வெளியே நின்றவர்கள் நெருக்கினார்கள். 11 பேர் செத்துப்போனார்கள். 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் வாசிக்கும்போது மேடைக்கு முன்னால் நெரிசலில் 9 பேர். இப்படிப்பட்ட இடங்களில் சாவு வருவது மிதிபட்டு மட்டுமல்ல, நின்ற இடத்திலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோவதும் உண்டு.

தோள் இரண்டு பக்கமும் இடித்தால் அது சாதாரணம். நீங்கள் நகராமலே கூட்டம் உங்களை அலை மாதிரி நகர்த்தினால் உடனே வெளியேறும் நேரம். கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், ஒவ்வொரு அலை ஓயும்போதும் கோணலாக, ஓரத்தைப் பார்த்து நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது, போன் ஆனாலும் சரி.

நடுவில் வட்டம் கட்டி இடித்துக்கொண்டு ஆடுகிற கூட்டம் ஒன்று இருக்கும். பார்க்க அடிதடி மாதிரி இருந்தாலும் அதற்கு ஒரு தர்மம் உண்டு. ஒருவன் விழுந்தால் சுற்றியிருக்கிற எல்லோரும் நின்று அவனைத் தூக்கிவிட்டுத்தான் மறுபடி ஆடுவார்கள். ஆடப் பிடிக்காதவன் ஓரத்தில் நின்றால் அவனை இழுக்க மாட்டார்கள். முழங்கையை உயர்த்தாதீர்கள், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். மைத்துனன் "மாமா, நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு அதற்குள் போனான்.

அதோடு அவனைக் காணோம். கூட்டம் சேர்ந்தால் டவர் திணறும், போன் போகாது. அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். எங்கள் தொழிலில் செட் பிரித்து ஏற்றும்போது "எல்லாரும் ஜெனரேட்டர்கிட்ட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கலைவோம். அதே புத்தி அன்று வேலை செய்யவில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குத் தெரிகிற, நகராத ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் வேண்டாம், எல்லோரும் வாசலில்தான் நிற்பார்கள்.

விளக்கு அணைந்தது. மெட்டாலிகா 1983லிருந்தே மேடைக்கு வருவதற்கு முன்னால் எனியோ மோரிக்கோனேவின் ஒரு பழைய திரையிசையைப் போடுவார்கள். அது கேட்டால் ஐந்து நிமிடத்துக்குள் ஆள் வந்துவிடுவார்கள் என்று அர்த்தம். உங்கள் பேண்டுக்கும் அப்படி ஒரு அடையாளம் இருக்கும், முன்கூட்டியே தெரிந்துவைத்தால் பாத்ரூம் வரிசையில் மாட்ட மாட்டீர்கள். அவர்கள் முந்தின ஊர்களில் வாசித்த பாட்டு வரிசை இணையத்தில் கிடைக்கும். நான் பார்த்துவிட்டுத்தான் போனேன். அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பதில்தான் சுகம் என்பவர்கள் பார்க்க வேண்டாம். நடுவில் புது ஆல்பத்துப் பாட்டு வந்தால் பாதிப் பேர் வெளியே போவார்கள். போகாதீர்கள், நாற்பது தடவை கேட்டுத் தேய்ந்த பாட்டைவிட அன்று அதைத்தான் உயிரோடு வாசிப்பார்கள்.

போன் விஷயத்தில் என் சட்டம் இது: ஒரு பாட்டு, பாதி வரைக்கும். போன் மைக் அந்த பேஸைத் தாங்காது, வீட்டுக்கு வந்து கேட்டால் தகர டப்பாவைத் தட்டினது மாதிரிதான் இருக்கும். நான் அன்று எடுத்த ஒரே வீடியோவில் முன்னாலிருந்தவன் காது தெளிவாக வந்திருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நான் நின்ற இடம் மேடையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும். லார்ஸின் குச்சி சிம்பலில் படுவது கண்ணுக்குத் தெரிந்து, ஒரு கண் சிமிட்டல் கழித்துத்தான் சத்தம் வந்தது. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கைதட்டச் சொன்னார். முன்வரிசை தட்டியது, நடுவில் நாங்கள் தட்டினோம், எங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தாமதித்துத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். நெல் வயலில் காற்று போவது மாதிரி கைகள் முன்னாலிருந்து பின்னால் மடிந்துகொண்டே போயின. யாரும் தாளம் தப்பவில்லை, அவரவர் காதுக்கு வந்த நேரத்தில் தட்டினார்கள், அவ்வளவுதான். இருபது வருடமாக ஒலி கட்டுகிறேன், கணக்குப் போட்டிருக்கிறேன், ஆனால் சத்தம் நடந்துபோவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். மிக்சர்காரர் பக்கம் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்து குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நன்றி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் முடிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். விளக்கு இன்னும் அணைந்தே இருந்தால் திரும்ப வருவார்கள். கடைசிப் பாட்டுக்குப் பிறகும் மெட்டாலிகாக்காரர்கள் உடனே போக மாட்டார்கள். மேடை ஓரத்துக்கு வந்து, கிட்டார் கம்பியை மீட்டுகிற சின்ன பிக் துண்டுகளையும் டிரம் குச்சிகளையும் கூட்டத்துக்குள் வீசுவார்கள். கூட்டம் தளர்ந்திருந்ததால் நானும் முன்னால் போனேன். என் காலடியில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. முழங்கை வரைக்கும் சேற்றில் விட்டுத் துழாவி எடுத்தேன். சோடா மூடி.

வெளியே வருவதற்கு அவசரப்படாமல் இருபது நிமிடம் ஓரமாக நின்றால் பாதி நெரிசல் போய்விடும். மைதான வாசலில் ஆட்டோக்காரர்கள் கேட்கிற காசுக்குக் கிருஷ்ணகிரிக்கே போய்விடலாம், ஒரு கிலோமீட்டர் நடந்து அப்புறம் பிடியுங்கள். மைத்துனன் மேக்ரி சர்க்கிள் பக்கம் ஒரு பேக்கரி வாசலில் வெறுங்காலோடு பன் தின்றுகொண்டிருந்தான். இரண்டாவது செருப்பும் போயிருந்தது.

அன்றிரவு காதில் 'ங்ஙீ' என்று லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், சத்தமில்லாமல் தூங்குங்கள். ஓரிரு நாளில் போகவில்லை என்றாலோ, ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ, தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

டிக்கெட் கிடைக்காத கதைக்கு வருகிறேன். கோல்ட்ப்ளே 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாத் ஸ்டேடியத்தில் வாசித்ததை ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, இரண்டு பெரிய பாக்ஸும் ஒரு பேஸ் பாக்ஸும் ஏற்றினேன். பாக்ஸ்களைச் சுவரின் மூலையில் வைக்காதீர்கள், பேஸ் குழம்பும். பெண்ணும் அவள் சிநேகிதிகள் ஆறு பேரும் வந்தார்கள். அங்கே லட்சம் பேர் கையில் எல்இடி பட்டை மின்ன, இங்கே ஏழு பேர் கையில் எங்கள் கல்யாண சீரியல் லைட். பக்கத்து வீட்டுப் பாட்டி பத்து மணிக்குக் கீழேயிருந்து குரல் கொடுத்தார், குறைத்துக்கொண்டேன்.

மெட்டாலிகா பார்த்துவிட்டு வந்த ராத்திரி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. முட்டி வரைக்கும் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. அப்பா திண்ணையில் முழித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பாக்ஸ்டா?"

வலது காதுப் பக்கம் போய்க் குனிந்து சொன்னேன். "ஒரு பக்கம் எண்ணிட்டிருந்தேன், அதுக்குள்ள லைட்ட அணைச்சுட்டாங்கப்பா."

"மழையில வயரை எப்படிப் போட்டிருந்தாங்க? தரையிலயா, தூக்கிக் கட்டியா?"

விடியும் வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.